தொகையா, வருமானமா?

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய அத்தியாயத்தை இரண்டு தடவை படித்துவிட்டேன். நடை நன்றாக வந்திருக்கிறது. கணக்கில்தான் கோட்டை விட்டிருக்கிறாய். 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் வரும் பிங்கிலியின் லட்சம் பவுண்டையும் டார்சியின் பத்தாயிரத்தையும் ஒரே வரியில் வைத்து, பிங்கிலிதான் பெரிய பணக்காரன் என்பதுபோல எழுதினால் எப்படி? ஜேன் ஆஸ்டின் நாவல்களில் ஒரு தொகையைக் கண்டதும் இது முதலா, வருஷ வருமானமா என்று கேள். பிங்கிலியின் முதல் கிட்டத்தட்ட 1,00,000. நம் ஊர் மாத வட்டி இல்லை, வருஷத்துக்கு 4, 5 சதவீதம். அதனால்தான் பெண்களுக்கு வரன் தேடும் மிசஸ் பென்னட் அவனுக்கு வருஷம் நாலாயிரமோ ஐயாயிரமோ என்கிறாள். டார்சிக்கு 10,000 என்பது வருஷா வருஷம் வருவது, அதுவும் நிலத்திலிருந்து. பிங்கிலி வீட்டுப் பணம் வியாபாரத்தில் வந்தது. இன்னும் சொந்த எஸ்டேட் கிடையாது, நெதர்ஃபீல்டு வாடகை வீடு. அவன் சகோதரிகளுக்கு மட்டும் அது வியாபாரப் பணம் என்பது ஞாபகமே இருக்காது!

'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யை (1811) நீ ஒரு பத்தியில் முடித்தது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாம் அத்தியாயத்தைத் திரும்பப் படி. நார்லண்டு சொத்து ஜானுக்கும் அவன் பிள்ளைக்கும் என்று பெரியவர் உயிலிலேயே கட்டிவிட்டார். ஜானின் அப்பா இறந்தபின் அவருடைய இரண்டாம் மனைவிக்கும் அவள் மூன்று பெண்களுக்கும் மொத்தம் 10,000. 5 சதவீதத்தில் வருஷம் 500. சாகும்போது அப்பா கேட்டுக்கொண்டபடி, தங்கைகளுக்குத் தலா 1,000 தரலாம் என்று ஜான் நினைக்கிறான். கெட்டவன் இல்லை. மனைவி ஃபேனி பேசப் பேச அது தலா 500 ஆகிறது. பிறகு சித்திக்கு வருஷம் 100. வருஷப்படி வாங்குகிறவர்கள் சாகவே மாட்டார்கள் என்கிறாள் அவள். பிறகு எப்போதாவது 50. கடைசியில் சாமான் ஏற்ற ஒத்தாசையும், பருவத்தில் மீனும் வேட்டைக் கறியும். போதாததற்கு, அவர்கள் எடுத்துப்போகும் பீங்கான் நம்முடையதைவிட அழகு என்று ஒரு குறை. ஒரு இடத்திலும் யாரும் குரல் உயர்த்தவில்லை. எல்லாம் நியாயம்போலவே கேட்கிறது. அதைத்தான் நீ எழுத வேண்டும்.

அண்ணன் ஏதோ விடுதலைப் பத்திரம் மெயிலில் அனுப்பியதாகச் சொன்னான். நீ ஒன்றும் சொல்லவில்லை. வேலை இருந்திருக்கும். அவனும் கெட்டவன் இல்லை.

350 பவுண்டு கணக்கையும் சேர். அந்தப் பெண்களில் மூத்தவள் எலினாரிடம் 1,000, அவள் காதலிக்கும் எட்வர்டிடம் 2,000. மூவாயிரத்துக்கு வட்டி 150. அவனுக்கு டெலஃபோர்டு தேவாலய வேலையில் வருஷம் 200. இவ்வளவு காதல் இருந்தும் இது குடித்தனத்துக்குப் போதாது என்று இருவருமே நினைக்கிறார்கள். அவன் அம்மா 10,000 கொடுத்த பிறகுதான் கல்யாணம். இதைக் காதல் குறைவு என்று எழுதாதே. அந்தக் காலத்தில் மனைவியின் ரொக்கம் கணவனுடையது. கல்யாணத்துக்கு முன்பே தனிப் பத்திரம் போட்டு அறங்காவலர் பெயரில் வைத்தால்தான் அவளுக்கென்று நிற்கும். அப்புறம் கேட்டுப் பயனில்லை.

கவிஞன் கீட்ஸ் பற்றிய பகுதி அருமை. யாருக்கும் சொல்லிக்கொடுத்து வராது அது. அவன் அப்பா குதிரை லாயம் நடத்தியவர் என்பதையும், 1818இல் பிளாக்வுட்ஸ் பத்திரிகை அவனை மருந்துக்கடைக்கே திரும்பிப் போகச் சொன்னதையும் சேர்த்துக்கொள். ஆனால் நீளம் வேண்டாம். முதலா வருமானமா என்பதை ஒவ்வொரு தொகைக்கும் பார்த்துவிடு. யார் பெயரில், எவ்வளவு காலத்துக்கு என்பதையும்.

சாப்பாட்டை விட்டுவிடாதே. எந்தப் பேப்பரானாலும் கடைசிப் பக்கம்வரை படி.

ஞாயிறு காலை பத்துக்கு மேல் கூப்பிடு. அண்ணன் அப்போது வீட்டில் இருக்கமாட்டான்.

அம்மா