கப்புல அடிக்கிற படத்துக்கும் சொந்தக்காரங்க இருக்காங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, இளம் ஓவியர்கள் தங்களோட படத்தை பிரிண்ட், ஸ்டிக்கர், துணிப்பை, கீ செயின்னு போட்டு விக்கிறதைப் பத்தி அரைப்பக்கம் போட்டிருந்தீங்க. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா முழுசும் பாராட்டிட்டு கடைசில "விலைதான் கொஞ்சம் அதிகம்"னு ஒரு வரி சேத்துட்டீங்க பாருங்க, அந்த வரிக்காகத்தான் இந்தக் கடுதாசி. நான் மதுரைல சின்னதா ஒரு டிஜிட்டல் பிரிண்ட் கடை வச்சிருக்கேன். விசிட்டிங் கார்டு, கப்பு, டி ஷர்ட்டு, காதுகுத்து பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிக்கிறோம். வரையிறவங்களும் வர்றாங்க, அவங்க படத்தை நெட்ல இருந்து உருவிட்டு வர்றவங்களும் அதே கவுண்டருக்குத்தான் வர்றாங்க, அதனால ரெண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

ஏ4 சைஸ்ல ஒரு கலர் பிரிண்ட் முப்பது ரூபாய்க்கு அடிக்கலாமே, இவங்க ஏன் நானூறு சொல்றாங்கன்னு நிறைய பேரு கேக்குறாங்க. சரி, அந்த முப்பது ரூபாய்ல என்ன வரும்னு சொல்றேன். எங்க கடைக்கு வர்ற ஒரு புள்ள, மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிர்ல இருக்கிற புதுமண்டபத்தை வரைஞ்சிருக்கு. இப்ப இருக்கிற மாதிரி இல்ல, கடையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போறதுக்கு முன்னாடி இருந்த மாதிரி, தூணுக்குத் தூண் தையல் மெஷினு, சிலைக்குப் பக்கத்துலயே தொங்குற பாவாடை துணி, வளையல் கடை, பழைய புஸ்தகக் கடைன்னு. ஐபேடுல பாத்தா அந்தக் கிளிப்பச்சை பாவாடை கண்ணைப் பறிக்குது. பேப்பர்ல அடிச்சா பாசி புடிச்ச மாதிரி வருது. ஸ்கிரீன்ல வெளிச்சமே கலரா வருது, மெஷின்ல இருக்கிறது சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்புன்னு நாலு மைதான், அந்தப் பளீர் பச்சை இந்த நாலுல எப்படிக் கலந்தாலும் வராது. வேற யாராச்சும்னா "பரவால்லண்ணே, அடிங்க"ன்னு போயிருப்பாங்க. இந்தப் புள்ள வீட்டுக்குப் போயி, பச்சையில கையே வைக்காம, பக்கத்துல இருக்கிற தூணோட கலரை இறக்கி, நிழலை லேசா செவப்புப் பக்கம் தள்ளிக் கொண்டு வந்துச்சு. அடிச்சுப் பாத்தா பச்சை தானா எந்திரிச்சு நிக்குது! இத்தனை வருஷமா மெஷின் ஓட்டுறேன், எனக்கு அது தோணல.

அப்புறம் தாளு. சாதா வழவழப்பு அட்டைல டோனர்ல, அதாவது பொடி மையில, அடிக்கிறது ஒண்ணு, ஆசிட் இல்லாத காட்டன் தாள்ல பிக்மென்ட் மையில அடிக்கிறது இன்னொண்ணு. ரெண்டாவதுதான் நேரா வெயில் படாத சுவத்துல மங்காம, மஞ்சளிக்காம ரொம்ப வருஷம் கெடக்கும், ஆனா அந்தத் தாளு விலையே பல மடங்கு, அந்த மெஷினும் என்கிட்ட இல்ல, சென்னைக்கு அனுப்பித்தான் எடுக்குறாங்க. இதுக்கு மேல ஸ்டால் வாடகை, பேக்கிங், கூரியர், விக்காம வீட்டு பீரோவுல கெடக்குற பைங்க... அதெல்லாம் வாங்குறவங்க கண்ணுக்குத் தெரியாத செலவு.

இது இன்ஸ்டாகிராம் வந்தப்புறம் புதுசா மொளைச்சதும் இல்லைங்க. ரவிவர்மா 1894லயே பம்பாய்ல லித்தோ பிரஸ், அதாவது கல்லச்சுக்கூடம், போட்டு, தன்னோட லட்சுமியையும் சரஸ்வதியையும் பிரிண்டாக்கி வித்தவரு, கட்டுப்படியாகாம சில வருஷத்துல அங்க வேலை பாத்த ஜெர்மன்காரருக்கே பிரஸ்ஸைக் குடுத்துட்டாரு. நம்ம பக்கம் கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவரு சிஷ்யர்களும் வரைஞ்ச முருகனும் மீனாட்சியும் சிவகாசில அச்சாகி காலண்டரா வீட்டுக்கு வீடு போச்சு, எங்க அம்மா சாமி ரூம்ல இன்னும் ஒண்ணு ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கு. ஆனா அந்தக் காலண்டர் தொழில்ல வரையிறவங்களுக்கு பெரும்பாலும் படத்துக்கு இவ்வளவுன்னு ஒரே தொகைதான், அதுக்கப்புறம் எத்தனை ஆயிரம் அடிச்சாலும் லாபம் காலண்டர் அச்சுப் போடுறவங்களுக்குத்தான். இப்ப வரையிறவங்க படத்தோட உரிமையை தங்களோட கையிலயே வச்சிருக்காங்க. பெங்களூர் ஓவியர் அலீசியா சூசாவைப் பாருங்க, முதல்ல ஒரு கம்பெனி சாமானுக்கு வரைஞ்சவங்க, அப்புறம் சொந்தமா கடை போட்டு அதே கைவேலையை டைரி, காலண்டர், மேக்னட்டுன்னு தன் பேர்லயே விக்கிறாங்க. விலை அதிகம்னு நீங்க சொன்ன அந்த நானூறுல பெரும்பங்கு இந்த உரிமைக்குத்தான் போகுது, போகணும்.

அந்த உரிமைலதான் எல்லாரும் கை வைக்கிறாங்க. "கூகுள்ல கெடச்சுச்சுண்ணே, கப்புல அடிச்சுக் குடுங்க", இதை நான் தினம் கேக்குறேன். 2021ல கொரோனால போயிட்டாரே ஓவியர் இளையராஜா (இசைஞானி இல்ல, கும்பகோணம் பக்கத்துக்காரரு), அவரு வரைஞ்ச பொண்ணுங்க படத்தை போட்டோன்னே நெனச்சுக்கிட்டு, கேன்வாஸ்ல பெருசா அடிச்சு ஃபிரேம் போட்டுத் தாங்க, ஹால்ல மாட்டணும்னு வர்றாங்க. ஓவியர் செத்த அடுத்த வருஷத்துல இருந்து 60 வருஷம் கணக்கு, அதாவது 2081 கடைசி வரைக்கும் அந்தப் படங்களுக்கு காப்புரிமை இருக்கு. முடியாதுன்னு சொன்னா பக்கத்துக் கடைக்குப் போறாங்க, அங்க அடிச்சுக் குடுத்துடுறாங்க. இன்னொருத்தரு, கல்கி எழுத்து நாட்டுடைமை ஆயிடுச்சே, அப்ப பொன்னியின் செல்வனுக்கு ஓவியர் மணியம் வரைஞ்ச வந்தியத்தேவனை கீ செயின்ல போட்டா என்னன்னு கேட்டாரு. எழுத்து நாட்டுடைமை ஆனா படமும் கூடவே வந்துடாது சார், வரைஞ்சவருக்கு வருஷக் கணக்கு தனி. இப்ப புதுசா ஏஐல செஞ்ச படம் வேற வருது, அதைப் பத்தி பேச ஆரம்பிச்சா உங்க பக்கம் பத்தாது.

வரையிற புள்ளைங்களுக்கும் ரெண்டு விஷயம் சொல்லணும், உங்க கட்டுரைல இது வரவே இல்ல. காப்புரிமைச் சட்டம் 19வது பிரிவுப்படி, படத்தோட உரிமையை யாருக்காச்சும் குடுக்குறதா இருந்தா எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும், வாட்ஸ்அப்ல "ஓகே அண்ணா"ன்னு கட்டைவிரல் காட்டுறதையெல்லாம் நம்பாதீங்க. எத்தனை வருஷத்துக்குன்னு எழுதலைன்னா அஞ்சு வருஷம்னுதான் எடுத்துக்கணும், அதனால பழைய பேப்பரை எடுத்துப் பாருங்க, உங்க படம் உங்களுக்கே திரும்பி வந்திருக்கலாம். அடுத்தது 15(2)ன்னு ஒரு பிரிவு, இது கொஞ்சம் வில்லங்கம். துணிக்கு, பாத்திரத்துக்குன்னே போட்ட டிசைனை டிசைன் சட்டத்துல பதிவு பண்ணாம விட்டு, மெஷின்ல 50 தடவைக்கு மேல அடிச்சா அதோட காப்புரிமை போயிடும். தனியா நிக்கிற ஓவியத்துக்கு இது இல்ல, ஆனா எது ஓவியம் எது டிசைன்னு கோடு போடுறதுல இத்தனை காலமும் குழப்பம், 2025 ஏப்ரல்லதான் சுப்ரீம் கோர்ட் அதுக்கு ஒரு வழிமுறை சொல்லிருக்கு. புடவை பார்டர், போர்வை பேட்டர்ன்னு பெருசா இறங்குறவங்க அடிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு வக்கீலைப் பாத்துடுறது நல்லது.

பிரிண்ட் கடைக்காரங்களுக்கும் சொல்றேன், நம்ம சங்கத்து ஆளுங்க கோவிச்சுக்கிட்டாலும் சரி. ஃபைல் வந்தா "யாரு வரைஞ்சது"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. பதில் சொல்லத் தெரியலைன்னா அடிக்காதீங்க. வரைஞ்ச ஆளு பேரு தெரிஞ்சா அவங்களுக்கே ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்க, சில பேரு நூறு எரநூறு வாங்கிக்கிட்டு நல்ல ரெசல்யூஷன் ஃபைலே அனுப்பி வைக்கிறாங்க, நமக்கும் பிரிண்ட் சுத்தமா வருது.

கடைசியா உங்ககிட்ட ஒண்ணு. அந்த அரைப்பக்கத்துல நாலு படம் போட்டிருந்தீங்க. ஒண்ணுக்குத்தான் பேரு இருந்துச்சு, மத்த மூணுக்கும் "நன்றி: இணையம்". இணையம் எதையும் வரையல சார். அந்த மூணுல ஒண்ணு எங்க கடைல புரூஃப் (மாதிரி பிரிண்ட்) பாத்த படம், அதனால எனக்கு ஆளையே தெரியும். மூணு பேரையும் கண்டுபுடிச்சு, வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு சின்னக் கட்டத்துலயாச்சும் பேரு போட்டு, படத்துக்கு உண்டான தொகையையும் அனுப்பி வையுங்க.

இப்படிக்கு,
ஒரு பிரிண்ட் கடைக்காரர்,
மதுரை