வலைக்கூடத்து அண்ணன்மாருக்கு

மண்டபம் வடக்குக் கரையில் உட்கார்ந்து வலை பொத்துகிற அண்ணன்மாருக்கும் மாமன்மாருக்கும் வணக்கம்.

"பிள்ளை பெத்தது அவளா, நீயா? ஆளையே காணோமே" என்று போன வாரம் கேட்டீர்கள். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். தள்ளுவண்டியில் நல்ல தண்ணீர்க் குடம் நாலு ஆடிக்கொண்டிருந்தது, நின்று பதில் சொல்ல முடியவில்லை. இப்போது என் இரட்டைப் பிள்ளைகள் ரெண்டும் ஒரே நேரத்தில் தூங்குகின்றன. இது அடிக்கடி நடக்காது, அதனால் எழுதிவிடுகிறேன்.

தலைப் பிரசவம் தாய் வீட்டில்தான், தகப்பன்காரன் ஞாயிற்றுக்கிழமை பழத்தோடு போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தால் போதும், அது எனக்கும் தெரியும். ஆனால் எனக்கு மாமியார் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, ஒரு பிள்ளையை மடியில் போட்டுவிட்டால் எழுந்து மற்றதைத் தூக்க ஆகாது. மிச்சம் இருப்பது நான்தான்.

ஏப்ரல் தொடக்கத்தில், நாள் ஆகுமுன்னே பிறந்துவிட்டார்கள். ஒன்று 1.9 கிலோ, ஒன்று 2.1. பாறை மீனைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்லுகிற கை இது, ஆனால் அந்த 1.9 கிலோவை வாங்கும்போது கை நடுங்கியது அண்ணே. ரெண்டரை கிலோவுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கு உடம்புச் சூடு நிற்காது, தோலோடு தோலாக அணைத்து வைக்க வேண்டும், கங்காரு முறை என்று நர்ஸ் அம்மா சொன்னார். என் பெண்டாட்டிக்குத் தையல் வலி, ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். "அப்பா எதுக்கு நிக்கிறீங்க, சட்டையைக் கழட்டுங்க" என்றார் நர்ஸ் அம்மா. மீன் செதில் ஒட்டியே பழகிய நெஞ்சில் பிள்ளையை வைத்துத் துணியால் சுற்றிக் கட்டிவிட்டார். அரை மணி நேரத்தில் குளிர்ந்து கிடந்த பாதம் சூடாகிவிட்டது. அன்றைக்கிருந்து அது என் வேலை.

வீட்டில் என்ன செய்கிறாய் என்று கேட்கிறீர்களே, சொல்கிறேன். ரெண்டு மணி, ரெண்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பால், அதுவும் ரெண்டு பேருக்கு. அவள் கொடுப்பாள், நான் தோளில் போட்டு ஏப்பம் எடுக்க வேண்டும். ரெண்டும் ஒரே அச்சு. பெரியவளுக்கு வலது காலில் கறுப்புக் கயிறு, சின்னவளுக்கு இடது காலில். அப்படியும் ஒரு ராத்திரி குடித்தவளுக்கே மறுபடி கொடுத்து, குடிக்காதவள் அழுது தெருவையே எழுப்பிவிட்டாள். அதிலிருந்து ஒரு நோட்டில் யார், எப்போது குடித்தது என்று எழுதுகிறேன்.

அப்புறம் துணி. நம்ம கிணற்றுத் தண்ணீரில் அலசினால் காய்ந்ததும் அப்பளம் மாதிரி விறைத்து நிற்கிறது, பிள்ளைக்குத் தொடை சிவந்துவிட்டது. அதனால் கடைசி அலசல் நல்ல தண்ணீரில். நீங்கள் பார்த்த நாலு குடம் அதற்குத்தான். கச்சான் காற்று எழும்பினால் கொடியில் கிடப்பதெல்லாம் மணல், திரும்ப முதலில் இருந்து.

மத்திய அரசு வேலையில் இருப்பவருக்குப் பிள்ளை பிறந்தால் சம்பளத்தோடு 15 நாள் லீவு உண்டு. நமக்கு யார் தருவார்கள்? மீன் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகைக் கட்டிப்போட்டார்கள், அந்த லீவில் நான் என் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டேன். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் எங்கே போனது என்று கேட்காதீர்கள். படகைக் கரையேற்றிச் சுரண்டி, பெயின்ட் அடிக்க எல்லாரும் வந்தபோது நான் மூன்று நாள்தான் வந்தேன். அது தப்புத்தான், அந்தக் கூலியை என் பங்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். கடல் திறந்ததும் ராத்திரி கடலில் தங்கிப் பிடிக்கிற தங்கல் வாரம் மூன்று என்றால், ஆகஸ்ட் வரைக்கும் எனக்கு ரெண்டு போதும். மூன்றாவதற்கு வேறு ஆளை ஏற்றுங்கள், அந்தப் பங்கு அவனுக்கே. ஆனால் "இவன் இனி சரிப்பட மாட்டான்" என்று ஒரேயடியாக என் இடத்தை அவனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். கால் ஒடிந்து கிடந்தவனுக்கு இடம் வைத்திருந்தோமே, பிள்ளை பெற்றவனுக்கு வைக்கக் கூடாதா? கேலி பண்ணுவதை நிறுத்தச் சொல்லவில்லை, அது உங்களால் முடியாது. "ரெண்டும் பொட்டையா" என்று இழுப்பதை மட்டும் விடுங்கள், அவளுக்குக் காது கேட்கிறது.

பால் சுறா கொடுத்துவிட்ட அக்காவுக்கு நன்றி, மூன்று நாள் புட்டு வைத்தோம். "வெயிலுக்கு நாக்கு வறளும், சீனித்தண்ணி கொடு" என்ற அத்தை கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான், வெறும் தண்ணீர்கூடக் கிடையாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

பதிலை வீட்டுக்கே வந்து சொல்லுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், பீடியை வெளியிலேயே முடித்துவிட்டு. வாசலில் சோப்பும் ஒரு குடம் தண்ணீரும் இருக்கும். அது கிணற்றுத் தண்ணீர்தான், கை கழுவத் தாராளமாக எடுங்கள்.