கஜகஸ்தானின் அல்மாட்டியில் படிக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

குளிர் தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். உடம்பைப் பார்த்துக்கொள். அதே கடிதத்தில், "இங்கே கொடி இல்லை, கூட்டம் இல்லை, சாலை மறியல் இல்லை. ஒரே கட்சி, ஊரும் அமைதி" என்று மெச்சியிருந்தாய். காலமெல்லாம் வரலாறு நடத்தியவன் நான், அதைச் சும்மா விட மனம் வரவில்லை.

நசர்பாயேவ் 1989இல் கஜகஸ்தான் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் செயலாளர் ஆனார். 1991இல் சோவியத் ஒன்றியம் போய்விட்டது, அவர் போகவில்லை. குடியரசுத் தலைவராக 2019 வரை இருந்தார். இன்றைய ஆளுங்கட்சி பிறகுதான் வந்தது, அவருக்காகவே வந்தது. 1999இல் ஒத்தான் என்று தொடங்கி, 2006இல் அவருடைய மகள் தாரிகாவின் கட்சியையும் சேர்த்து விழுங்கி, நூர் ஒத்தான் ஆயிற்று. அடுத்த ஆண்டே நாடாளுமன்றக் கீழவையான மஜிலிஸில் தேர்தல் நடந்த 98 இடங்களும் அதற்குத்தான். எண்ணெய் வயலில் உழைப்பவனுக்கும் ஆடு மேய்ப்பவனுக்கும் நகரத்து வியாபாரிக்கும் ஒரே கருத்துதான் என்று உலகத்தை நம்பச் சொன்னார்கள்!

இதற்கு அடிதடிகூட அதிகம் தேவைப்படவில்லை. 2002 சட்டப்படி புதிய கட்சியைப் பதிவு செய்ய 50,000 உறுப்பினர்கள் வேண்டியிருந்தது. பதிவு கிடைத்தாலும் 7 சதவீத வாக்கு வாங்காத கட்சியின் பட்டியலுக்கு அன்று மஜிலிஸில் இடமில்லை. வாக்குச்சாவடிக் குழுக்களிலோ பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்கள், அரசிடம் சம்பளம் வாங்குகிறவர்கள்.

நானும் தேர்தல் பணிக்குப் போன ஆசிரியன்தான். இங்கே வாக்குப்பதிவு முடிந்ததும், பதிவான வாக்குகளை 17சி படிவத்தில் எழுதி, நகலைக் கட்சி முகவர்களிடம் கொடுத்தாக வேண்டும். காலையிலிருந்து சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டோம். நாலைந்து முகவர்கள் தோளுக்கு மேல் எட்டிப்பார்த்து, "சார், அந்த எண்ணை இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று நச்சரிப்பார்கள். எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். ஆனால் அந்த நச்சரிப்புதான் எனக்குப் பாதுகாப்பு. மேலிருந்து யார் என்ன சொன்னாலும், "நகல் கொடுத்தாகிவிட்டது" என்று சொல்லிவிடலாம். அங்கே பல சாவடிகளில் முடிவுத்தாளை வெளியே ஒட்டுவதே இல்லை என்று ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பின் பார்வையாளர்கள் குறை சொல்லியிருக்கிறார்கள். எட்டிப்பார்க்க ஆளில்லாத மேசையில், மேலிடம் கேட்கும் எண்ணை ஓர் ஆசிரியை எப்படி மறுப்பார்?

நீ மாலையில் நடந்துவரும் குடியரசுச் சதுக்கத்துக்கு வருகிறேன். 2022 ஜனவரியில், மேற்கே ஜானாவோசெனில் வாகன எரிவாயு விலை இரு மடங்கானதும் மக்கள் தெருவில் இறங்கினார்கள். 2011 டிசம்பரில் வேலைநிறுத்தம் செய்த எண்ணெய்த் தொழிலாளர்களைப் போலீஸ் சுட்டதும் அதே ஊரில்தான். மஜிலிஸில் இருந்த மூன்று கட்சிகளும் அரசுக்கு வேண்டியவை. பிறகு அந்த மக்கள் யாரிடம் போய் முறையிடுவார்கள்? சில நாட்களில் போராட்டம் அல்மாட்டிக்குப் பரவியது. அந்தச் சதுக்கத்தின் நகர நிர்வாகக் கட்டடம் எரிந்தது. எச்சரிக்காமல் சுட, நசர்பாயேவுக்குப் பின் குடியரசுத் தலைவரான டோகாயேவ் உத்தரவிட்டார். அரசுக் கணக்கிலேயே 238 பேர் இறந்தார்கள். நீ மெச்சிய அமைதிக்கு அடியில் இவர்கள் இருக்கிறார்கள், அம்மா.

அதன்பின் கட்சி அமானத் என்று பெயர் மாற்றிக்கொண்டது. குடியரசுத் தலைவர் எந்தக் கட்சியிலும் இருக்கக் கூடாது என்று விதி வந்தது. கட்சிப் பதிவுக்கு 5,000 உறுப்பினர்கள் போதும் என்றார்கள். 2023 தேர்தலில் அமானத்துக்கு 98இல் 62 இடங்கள். இவற்றை ஒன்றுமில்லை என்று நான் தள்ளமாட்டேன். ஆனால் அல்கா கஜகஸ்தான் என்ற கட்சியைப் பதிவு செய்ய முயன்ற மராத் ஜிலன்பாயேவுக்கு அதே ஆண்டில் 7 ஆண்டு சிறை விதித்தார்கள். எனக்கு அந்த 62ஐவிட இந்த 7தான் பெரிதாகத் தெரிகிறது.

உன் கசக் மொழி ஆசிரியை தேர்தல் பணிக்குப் போய்வந்தார் என்றாயே, அவரிடம் இதையெல்லாம் கேட்டுச் சங்கடப்படுத்தாதே. அவருக்கு வேலையும் குடும்பமும் இருக்கின்றன. அவராகப் பேசினால் பொறுமையாகக் கேள். கேட்டதைக் கைப்பேசியில் எழுதி யாருக்கும் அனுப்பாதே, எனக்கும்கூட. விடுமுறைக்கு வரும்போது நேரில் சொல். கட்டணத்தை இந்த வாரமே அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா