ஒரே ஃபிரிட்ஜில் இரண்டு ஊசிப் பேனாக்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தாத்தாவுக்குச் சர்க்கரைக்கு இன்சுலின், பாட்டிக்கு எலும்புப்புரைக்கு டெரிபாரடைட் என்று இரண்டு பேனாக்களும் ஒரே ஃபிரிட்ஜில் இருக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறோம். இரண்டுமே பெப்டைடு மருந்துகள், அதாவது அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோத்தவை. இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள், டெரிபாரடைடில் 34. விழுங்கினால் வயிற்றிலேயே செரித்துவிடும் என்பதால்தான் ஊசி. ஒற்றுமை ஏறக்குறைய அதோடு சரி.

பிரிக்காத பேனா இரண்டுக்கும் 2 முதல் 8 டிகிரி குளிர் வேண்டும். உறைந்துவிட்டால் இரண்டுமே வீண். ஐஸ் பெட்டிக்கு அடியில் வைக்காதீர்கள். பிரித்த இன்சுலினை 30 டிகிரிக்கு மிகாத இடத்தில் சுமார் 4 வாரம் வெளியே வைக்கலாம். ஆனால் சித்திரை, வைகாசியில் மதுரை மாடி அறைகள் 30-ஐச் சாதாரணமாகத் தாண்டும். கரண்ட் நின்றால், பெரிய மண்பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையில் ஈரமணல் நிரப்பி, காற்றோட்டமான நிழலில் வைத்தால் இன்சுலின் தாங்கும். டெரிபாரடைடுக்கு இந்தப் பானை போதாது. போட்டதும் ஊசிமுனையைக் கழற்றிவிட்டு, பேனாவை உடனே ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். பிரித்து 28 நாளானால், மருந்து மிச்சமிருந்தாலும் எறிந்துவிட வேண்டும்.

வேகமாக வேலை செய்யும் இன்சுலின் 30 பங்கும் மெதுவாக வேலை செய்வது 70 பங்கும் கலந்த 30/70 இன்சுலினை உள்ளங்கைகளுக்கு நடுவே 10 முறை உருட்டி, 10 முறை மேலும் கீழும் சாய்த்து, பால்போல் சீரான பிறகே போட வேண்டும். டெரிபாரடைட் எப்போதும் தண்ணீர்போல் தெளிவாக இருக்கும், கலங்கியிருந்தால் கெட்டுவிட்டது. அதன் அளவு தினம் ஒருமுறை 20 மைக்ரோகிராம். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. டெரிபாரடைட் பாராதைராய்டு ஹார்மோனின் ஒரு பகுதி. தினம் ஒருமுறை ஏறி இறங்கினால் எலும்பைக் கட்டும் இந்த ஹார்மோன், ரத்தத்தில் ஓயாமல் கூடுதலாக இருந்தால் எலும்பைக் கரைக்கும். முதல் சில ஊசிகளில் தலைசுற்றலாம், உட்கார்ந்தே போட்டுக்கொள்வது நல்லது.

எங்களுக்குப் பெரும் கவலை பேனா மாறிப்போவதுதான். தாத்தா மாற்றிப் போட்டால், இன்சுலின் கிடைக்காமல் அவருக்குச் சர்க்கரை ஏறும். சர்க்கரை நோயே இல்லாத பாட்டிக்கு இன்சுலின் ஏறினால் ரத்தச் சர்க்கரை இறங்கி வியர்வை, நடுக்கம், மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து. நினைவிருந்தால் 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள். தெளிந்துவிட்டாரே என்று வீட்டிலேயே இருக்கவும் கூடாது. 30/70 இன்சுலின் பல மணி நேரம் வேலை செய்வதால் சர்க்கரை மறுபடி இறங்கும்.

மருந்துக்கடைக்காரர்கள் பேனாவை விற்கும்போதே அதன்மேல் நோயாளியின் பெயர், 'சர்க்கரை' அல்லது 'எலும்பு' என்ற சொல், பிரித்த தேதிக்கு ஓர் இடம் என ஒட்டுத்தாள் ஒட்டித் தர வேண்டும். வீட்டில் இரண்டையும் வேறு வேறு நிற டப்பாவில், வேறு வேறு தட்டில் வையுங்கள்.

இப்படிக்கு,
மருந்தாளுநர்கள் சிலர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்