விசில் ஊதியவர்களுக்கும் வெங்காயம் வதக்கியவர்களுக்கும்

அன்புடையீர், வணக்கம்.

பீட்டர் மெக்டொனால்ட் பிரீமியர்ஷிப் என்ற எங்கள் வட்டார ரக்பி லீக் போட்டியின் இந்த ஆண்டுப் பருவம் முடிந்துவிட்டது. கோல் கம்பங்களைச் சுற்றியிருந்த மெத்தைகளைக் கழற்றிக் கொட்டகையில் அடுக்கியாகிவிட்டது. கோப்பையை யார் தூக்கினார்கள், யார் எத்தனை டிரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) போட்டார்கள் என்பதையெல்லாம் டப்போவின் டெய்லி லிபரலும் ஆரஞ்ச் நகரின் சென்ட்ரல் வெஸ்டர்ன் டெய்லியும் பாத்தர்ஸ்டின் வெஸ்டர்ன் அட்வகேட்டும் எழுதிவிட்டன. அவற்றில் பெயர் வராத சிலருக்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. நேரில் ஆங்கிலத்தில் சொன்னால் இவர்களில் பாதிப் பேர் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று நழுவிவிடுவார்கள். தமிழில் எழுதினால் நம் பிள்ளைகள் படித்துச் சொல்லி முடிக்கும் வரை நின்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பெயர்களை எழுதவில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வார்கள். எங்கள் விளையாட்டு மன்றம் எது என்றும் சொல்லப் போவதில்லை. டப்போவில் இருப்பவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு அது தேவையும் இல்லை.

ஊரிலிருந்து படிக்கும் உறவினர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் சிட்னிக்கு மேற்கே, மலை தாண்டினால் விரியும் சமவெளி ஊர்களில் குளிர்காலம் என்றாலே ரக்பி லீக்தான். முன்பு இங்கே குரூப் 10, குரூப் 11 என இரண்டு தனிப் போட்டிகள் நடந்தன. பாத்தர்ஸ்ட், ஆரஞ்ச், மட்ஜி, லித்கோ ஒரு பக்கம். டப்போ, வெலிங்டன், பார்க்ஸ், ஃபோர்ப்ஸ், நிங்கன் மறுபக்கம். 2021 ஆகஸ்டில் கொரோனா டப்போவையும் அதற்கு மேற்கேயுள்ள ஊர்களையும் பிடித்தபோது பருவம் பாதியில் நின்றுபோனது. மறு ஆண்டு, 2022இல், இரு பக்கத்து முதல்தர அணிகளும் இந்த ஒரே போட்டிக்குள் வந்தன. ஆட்டத்தில் பக்கத்துக்கு 13 பேர், 80 நிமிடம். பந்தைக் கையால் முன்னே எறியக் கூடாது. ஆறு முறை மடக்கிப் பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். கபடியில் பாடிவருபவரை ஏழு பேரும் சேர்ந்து அமுக்குவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த விளையாட்டு ஒரு மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது.

நான் மருத்துவமனையில் செவிலியர். மகள் லீக் டேக் ஆடுகிறாள். பெண்கள் ஆடும் இந்த வகையில் இடுப்பின் இருபுறமும் ஒட்டியிருக்கும் பட்டைகளில் ஒன்றைப் பிடுங்கினாலே மடக்கியதாகக் கணக்கு. அவளைக் கொண்டுபோய் விட்டு அழைத்துவரப் போனவளின் கையில், செவிலியர் என்று தெரிந்த அன்றே முதலுதவிப் பெட்டியைக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து சனி, ஞாயிறு என் வசத்தில் இல்லை.

ஆகவே முதல் நன்றி என் வார்டுக்கு. பட்டியல் வந்ததும் ஞாயிற்றுக்கிழமைப் பகல் வேலையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு இரவு வேலையைத் தந்த கோட்டயத்து அக்காவுக்கும், பிலிப்பைன்ஸ் தோழிக்கும், திருச்சித் தம்பிக்கும் நன்றி. மூவருக்கும் ரக்பி லீக்கில் துளியும் ஆர்வம் கிடையாது. தம்பிக்குச் சேப்பாக்கத்தைத் தவிர வேறு மைதானமே மைதானமில்லை. என்றாலும் ஒருமுறைகூட ஏன் என்று கேட்காமல் மாற்றிக்கொடுத்தார்கள்.

அடுத்து, எனக்கு டேப் சுற்றக் கற்றுக்கொடுத்த அந்தப் பெரியவருக்கு. மருத்துவமனையில் நாங்கள் போடும் கட்டு வேறு. ஓடப் போகிற காலுக்குப் போடும் கட்டு வேறு. இங்கே குளிர்காலமான ஜூன் மாதக் காலையில், புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் நேரத்தில், உடைமாற்றும் அறையின் பெஞ்சில் பதினெட்டு வயதுக்குட்பட்ட பையன்கள் வரிசையாகக் கால்நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். முதல் ஆட்டம் அவர்களுடையது. பாதத்தைச் செங்கோணத்தில் நிறுத்தச் சொல். காலின் உட்புறத்தில் தொடங்கி, குதிகாலுக்கு அடியில் கொடுத்து, வெளிப்புறமாக இழுத்து ஒட்டு. சுருக்கம் விழுந்தால் அந்த இடத்தில்தான் கொப்புளம் வரும் என்பார். கடைசியில் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விடுவார். வெளுத்த நகம் உடனே சிவந்தால் எழுந்து போகலாம். இல்லையென்றால் அத்தனையையும் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. டேப் விலை ஏறிக் கிடக்கும் காலத்தில் இது சின்ன விஷயமில்லை, ஆனால் அவர் ஒருநாளும் கஞ்சத்தனம் பார்த்ததில்லை. அந்தக் குளிரில் அவருடைய விரல்கள் வேலை செய்த வேகத்தில் எனக்கு இன்னும் பாதிகூட வரவில்லை.

ஓட்டுநருக்கு நன்றி. லித்கோ நீலமலையின் அடிவாரத்தில் இருக்கிறது, நிங்கன் வறண்ட மேற்கின் வாசலில். இரண்டுக்கும் இடையே 400 கிலோமீட்டருக்கு மேல். டப்போவிலிருந்து பாத்தர்ஸ்டுக்கு மிட்சல் நெடுஞ்சாலையில் வெலிங்டன், மோலாங், ஆரஞ்ச் என்று போனால் ஒரு வழிக்கே சுமார் 200 கிலோமீட்டர். போகும்போது சிரமமில்லை. ஆட்டம் முடிந்து திரும்பும் நேரம்தான் கங்காருக்கள் சாலையோரப் புல்லுக்கு வரும் நேரம். எங்கள் ஓட்டுநர் ஓய்வுபெற்றவர், பேரப்பிள்ளைகளில் ஒருவர்கூட இப்போது ஆடவில்லை, இருந்தாலும் வருகிறார். முன் இருக்கையில் ஒருவர் விழித்தபடி இடப்பக்கம் பார்த்துக்கொண்டே வர வேண்டும் என்பது அவருடைய சட்டம். வென்றிருந்தாலும் தோற்றிருந்தாலும் பின்னால் பாட்டு ஓடும். முன்னால் இரண்டு பேர் பேசாமல் இருட்டைப் பார்த்துக்கொண்டு வருவோம். எல்லோரையும் முழுசாக வீடு சேர்த்தீர்கள் ஐயா.

நடுவர்களைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஆட்டக்காரர்கள் பற்றாக்குறையை மன்றங்கள் எப்படியாவது சமாளித்துவிடும். நடுவர் இல்லையென்றால் அன்று ஆட்டமே இல்லை. அப்படியிருக்க, விசிலை எடுத்துக்கொண்டு வருகிற பிள்ளைகளை நாம் நடத்துகிற விதம் வெட்கக்கேடானது. ஒரு பள்ளி மாணவி விசில் ஊதிய ஆட்டத்தில், வேலியோரம் நின்ற ஒருவர் தொடக்கத்திலிருந்தே கத்திக்கொண்டிருந்தார். எங்கள் மைதானப் பொறுப்பாளர் தன் சட்டைக்கு மேல் மாட்டியிருந்த மேலங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்து போய் அவர் பக்கத்தில் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆட்டம் முடியும் வரை அங்கேயே, தோளோடு தோள் உரச, வேலியில் கைவைத்து நின்றார். அந்த ஆள் வாயைத் திறக்கவேயில்லை. அந்தப் பெண் அடுத்த வாரமும் விசிலோடு வந்தாள். இருவருக்கும் என் வணக்கம்.

பயிற்சியாளருக்கு ஒரு தனி நன்றி. முடிய இன்னும் பத்து நிமிடம் இருக்கும், புள்ளிகளில் பெரிய வித்தியாசமில்லை. மடக்கி விழுத்திய பையன் எழுந்திருக்கும்போது ஒரு அடி பக்கவாட்டில் வைத்தான். அவ்வளவுதான். நன்றாக இருக்கிறேன் என்றான். எங்கே ஆடுகிறோம் என்று கேட்டேன், சரியாகச் சொன்னான். முதல் பாதியில் கடைசியாக யார் புள்ளி எடுத்தார்கள் என்று கேட்டேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தலையில் அடிபட்டிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே அன்றைக்கு மறுபடி ஆடக் கூடாது, மருத்துவர் பார்த்து அனுமதிக்க வேண்டும் என்பது விதி. விதி காகிதத்தில் இருக்கிறது. அணியின் சிறந்த ஆட்டக்காரனை அந்த நேரத்தில் வெளியே எடுக்க ஒரு மனிதர் வேண்டும். நான் தலையசைத்ததும் பயிற்சியாளர் மாற்று வீரரை உள்ளே அனுப்பிவிட்டார். என்னிடம் ஒரு கேள்வியும் இல்லை. பையன் என்னோடு பேசவில்லை. அவனுடைய பாட்டி மட்டும் படிகளிலிருந்து இறங்கிவந்து அவன் துப்பிய பல்கவசத்தைக் கீழேயிருந்து எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, மருத்துவமனை வரை அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார். அந்தப் பாட்டிக்கும் நன்றி.

இனி கேன்டீன். காலையிலேயே வெங்காய மூட்டையைப் பிரித்துவிடுவார்கள். இரும்புத் தகட்டில் வெங்காயம் வதங்கும் வாசனை மைதானத்தின் மறுகோடிக்கு வந்துவிடும். என் மகள் ஆட்டத்தின் நடுவே அதனால் கவனம் சிதறுவதாகச் சொல்வாள், பாதி உண்மையாக இருக்கலாம். ரொட்டியில் சாசேஜ், அதன்மேல் வெங்காயம், இறைச்சியை மாவுக்குள் வைத்துச் சுட்ட சூடான பை, குழம்பு ஊற்றிய உருளைக்கிழங்கு வறுவல். இந்த வருமானமும் இறைச்சித் தட்டைப் பரிசாக வைக்கும் குலுக்கல் சீட்டும்தான் பந்தும் டேப்பும் வாங்க உதவுகின்றன. அங்கே நிற்பவர்கள் ஒரு ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்ப்பதில்லை. மக்கள் கத்துவதைக் கேட்டுத்தான் யார் போட்டது என்று எட்டிப் பார்ப்பார்கள்.

இந்த விளையாட்டின் பிறப்பே கூலித் தகராறில்தான். 1895இல் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடிய வட இங்கிலாந்து மன்றங்கள், ஆட்டத்துக்காக வேலையை விட்டுவரும் தொழிலாளிக்கு இழந்த கூலியைக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுத்தான் பழைய ரக்பியிலிருந்து பிரிந்தன. சிட்னியிலும் அதே கதை. அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் கிடந்த அலெக் பர்டன் என்ற ஆட்டக்காரருக்கு இழப்பீடு கிடைக்கவில்லை. அந்த மனக்கசப்பும் சேர்ந்துதான் 1907இல் இங்கே லீக் உருவானது. முதலுதவிப் பெட்டி தூக்குகிறவள் என்பதால் அந்தப் பர்டனை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அப்படிப் பிறந்த விளையாட்டு இந்த ஊர்களில் இன்றைக்கும் நடப்பது, வார இறுதிக் கூலியைக் கணக்குப் பார்க்காத வெங்காயக்காரர்களால். இந்த முரண்பாட்டை கேன்டீன் அக்காவிடம் சொன்னேன். குழம்புக் கரண்டியை நீட்டி, அப்படியானால் நீயும் கொஞ்சம் பிடி என்றார்.

உடுப்புகளைத் துவைத்தவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். மழை பெய்த வாரத்தில் ஒரு அணியின் ஜெர்சி மொத்தமும் என்ன கனம் கனக்கும் என்று தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். டப்போவில் வளர்ந்த ஐசையா யோவும் மேட் பர்டனும் 2021இல் பென்ரித் அணியோடு என்.ஆர்.எல். என்ற நாட்டின் உச்ச ரக்பி லீக் போட்டியின் கோப்பையைத் தூக்கினார்கள். ஃபோர்ப்ஸ் பையன் சார்லி ஸ்டெயின்ஸ் 2020இல் தன் முதல் என்.ஆர்.எல். ஆட்டத்திலேயே நான்கு டிரை போட்டார். அவர்கள் சிறுவர்களாக இருந்தபோது அந்தச் சேற்றை யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டியில் ஊறவைத்துத் தேய்த்திருப்பார். எங்கள் மன்றத்தில் அந்த வேலையைச் செய்பவர், எண்கள் உரியாமலிருக்க ஒவ்வொரு ஜெர்சியையும் உள்வெளியாகத் திருப்பிக் கொடியில் போடுகிறவர். அவர் வீட்டுக் கொடியைப் பார்த்து, உள்ளே பதின்மூன்று பிள்ளைகள் இருப்பதாக எங்கள் தெருவுக்கு வந்த புதுக் குடும்பம் நினைத்துக்கொண்டிருந்தது.

இந்த மைதானங்களில் பெரும்பாலானவை இந்த மண்ணின் பூர்வகுடிகளான விராஜுரி மக்களின் நிலத்தில் இருக்கின்றன. எங்களை இந்த மண்ணுக்கு வரவேற்றுத் தம் மொழியில் பேசிய விராஜுரி மூத்தவருக்கும், ஜூலையில் பூர்வகுடிகளின் பண்பாட்டைக் கொண்டாடும் நெய்டாக் வாரத்துக்காக எங்கள் பிள்ளைகள் அணிந்த ஜெர்சியை வரைந்து கொடுத்தவருக்கும் மிகுந்த நன்றி. வந்து குடியேறியவர்களாகிய நாங்கள் இந்த ஊரின் ஆறுகளையும் குலங்களையும் பற்றி ஏதாவது தெரிந்து வைத்திருக்கிறோம் என்றால், அதில் பெரும்பகுதி வேலியோரத்தில் காதில் விழுந்ததுதான்.

எதிரணிகளுக்கும் சொல்ல வேண்டும். எங்கள் ஐஸ் பெட்டி ஊரிலேயே தங்கிவிட்ட அன்று, கேட்காமலே தங்கள் ஐஸில் பாதியைப் பிரித்துக் கொடுத்தார்கள். எங்களை வெளுத்து வாங்கியதும் அதே அணிதான். அதற்கு நன்றி கிடையாது.

கோடு போட்டவர், மணியடித்து நேரம் காத்தவர், வீரர் பட்டியலைக் கணினியில் ஏற்றி ஏற்றிக் கண் சிவந்த செயலாளர், இடைவேளைக்கு ஆரஞ்சுச் சுளை வெட்டியவர்கள், விளக்கை அணைத்துவிட்டுக் கடைசியாகப் பூட்டிப் போனவர்: எல்லோருக்கும் நன்றி. விட்டுப்போனவர்கள் கேன்டீன் பக்கம் வரும்போது என்னைத் திட்டலாம்.

அடுத்த பருவத்துக்கான ஆட்கள் தேடல் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. டப்போ, ஆரஞ்ச், பாத்தர்ஸ்டில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் முதலுதவிப் பயிற்சி எடுக்க விருப்பமுள்ளவர்கள் அவரவர் ஊர் மன்றத்தில் கேளுங்கள். விளையாட்டு தெரிந்திருக்க வேண்டியதில்லை. கடைசியாக ஒன்று. பெட்டியைத் திருப்பிக் கொடுக்குமுன் எண்ணிப் பார்த்தேன். டேப் வெட்டும் கத்தரிக்கோல், மொட்டை முனையும் சிவப்புப் பிடியும் உள்ளது, காணவில்லை. எடுத்தவர்கள் தயவுசெய்து கேன்டீன் அக்காவிடம் கொடுத்துவிடவும்.

அன்புடன்,
முதலுதவிப் பெட்டிக்காரி
டப்போ