குமரி மாவட்ட மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல், நாகர்கோவில் என்று மாவட்டம் முழுக்க மெடிக்கல் நடத்தும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

சர்க்கரையும் இதய நோயும் சேர்ந்தே இருக்கும் பெரியவர்கள் நம் ஊர்களில் நிறைய. டாக்டரை அவர்கள் எப்போதாவதுதான் பார்க்கிறார்கள், உங்களை மாதாமாதம் பார்க்கிறார்கள். நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தைக்கு வீட்டில் அவ்வளவு மதிப்பு. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இதயம் பலவீனமான என் அப்பா டாப்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டுவந்தார். சிறுநீர் ரிப்போர்ட்டில் சர்க்கரைக்கு நேரே மூன்று பிளஸ் இருப்பதைப் பார்த்த ஒரு கடைக்காரர், “இந்த மாத்திரை கேக்கல, நிறுத்திப் பாருங்க” என்று சொல்லிவிட்டார். அப்பாவும் நிறுத்திவிட்டார். ஆனால் அந்த மாத்திரையின் வேலையே அதுதான். வடிகட்டிய சர்க்கரையைச் சிறுநீரகம் திரும்ப இழுத்துக்கொள்ளாதபடி தடுத்து, சிறுநீரில் வெளியேற்றுகிறது. கூடவே கொஞ்சம் உப்பும் நீரும் போவதால் இதயத்தின் சுமை குறைகிறது. இதைச் சாப்பிடுகிறவருக்குச் சிறுநீரில் சர்க்கரை தெரியத்தான் செய்யும்.

இதே வகையைச் சேர்ந்த எம்பாகிளிஃப்ளோசினை, ஏற்கனவே இதய நோய் இருந்த சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வந்தது. இதய, ரத்தக்குழாய் நோயால் நேரும் மரணம் அதில் 38 சதவீதம் குறைந்திருந்தது. 2025 மார்ச்சில் எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை முடிந்தபின் அதன் விலையும் நன்றாக இறங்கிவிட்டது. கட்டுப்படியாகாமல் நிறுத்தியவர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

பியோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரை இதற்கு நேர்மாறு. உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கிவிடும். இதயம் சரியாகப் பம்ப் செய்யாதவருக்குக் கால் வீங்கும், மூச்சு முட்டும். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்ற வேறு இரண்டு சர்க்கரை மருந்துகளோடும் சேர்த்து ஒரே மாத்திரையாகவும் இது வருகிறது. அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் பெயரை எந்தப் பெரியவர் வாசிப்பார்? பழைய அட்டையை நீட்டி “இதே தாங்க” என்பவரிடம், கால் வீக்கம் உண்டா, படுத்தால் மூச்சு வாங்குகிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உண்டென்றால் அன்றைக்கே டாக்டரிடம் அனுப்புங்கள்.

கிளிமிபிரைடு சாப்பிட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கும். மெட்டோபுரோலால் போன்ற இதய மாத்திரையும் எடுப்பவருக்குப் படபடப்பு தெரியாமல் போகலாம், ஆனால் வியர்க்கும். அந்த அடையாளத்தைச் சொல்லிக்கொடுங்கள்.

அப்புறம், டாப்பாகிளிஃப்ளோசின் எடுப்பவருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு என்று சாப்பிட முடியாமல் போனாலோ, ஆபரேஷன் இருந்தாலோ, மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். ரத்தச் சர்க்கரை அதிகம் ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்து உண்டு. பிறப்புறுப்பில் அரிப்பு வந்தால் பெண்கள் டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுவார்கள். கவுண்டரில் நிற்கும் அக்காமார் மெதுவாகக் கேட்டால் சொல்வார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இதய நோயாளியின் சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்வதற்கு முன்னால், சீட்டு எழுதிய டாக்டருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தக்கலையிலிருந்து ஒரு மகள்