ஈசிஆர்ல ஒரு நாள், அம்மா எழுதுறேன்

கண்ணு,

ஊருக்கு வந்தா மறுபடியும் அதே மாலுக்குத்தானே கூட்டிட்டு போவேன்னு போன்ல கிண்டல் பண்ணினல்ல, அதான் நானும் உங்கப்பாவும் ஈசிஆர்ல, சென்னையிலிருந்து கடலோரமா போற அந்த ரோட்டுல, ஒரு நாள் பூரா சுத்திட்டு வந்தோம், இந்த தடவை உன்னை அங்கதான் இழுத்துட்டு போகப் போறேன். காலைல முதல்ல நேரா மாமல்லபுரம் போயிடணும், மத்ததெல்லாம் திரும்பி வர்ற வழியில பாத்துக்கலாம், பத்து மணிக்கு மேல வெயில்ல அந்தப் பாறையில கால் வைக்க முடியாது.

அர்ச்சுனன் தபசு உனக்கு ஞாபகம் இருக்கா? ஸ்கூல் டூர்ல போயிட்டு போட்டோ எடுத்துட்டு ஓடி வந்திருப்பீங்க. கிட்டத்தட்ட 30 மீட்டர் நீளப் பாறை பூரா சிற்பம், எல்லாரும் யானையைப் பாத்துட்டு போயிடறாங்க. நீ யானைக்குப் பக்கத்துல கீழ பாரு, ஒரு பூனை ரெண்டு கையையும் தூக்கிட்டு தவம் பண்ணுது, மேல எலும்பும் தோலுமா ஒத்தக்கால்ல நிக்கிற தபசி மாதிரியே, சுத்தி எலிங்க பயமே இல்லாம நிக்குதுங்க. ஆயிரத்து முன்னூறு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன் போலிச் சாமியாரைக் கல்லுலயே கலாய்ச்சிருக்கான்! நடுவுல இருக்கிற வெடிப்புல நாகங்களைச் செதுக்கியிருக்காங்க, மேல தொட்டி கட்டி அது வழியா தண்ணி விட்டிருப்பாங்கன்னு சொல்றாங்க.

கடற்கரைக் கோயில்ல கூட்டம் தாங்கல. பல்லவ ராஜா ராஜசிம்மன் கட்டினது, ரெண்டு சிவன் சன்னிதிக்கு நடுவுல பெருமாள் பாறையிலேயே படுத்திருக்கார். உப்புக் காத்து பட்டுப் பட்டு சிற்பங்களோட முகமெல்லாம் மழுங்கிப் போச்சு, காகிதக் கூழைப் பூசி காய வச்சு கல்லுக்குள்ள இருக்கிற உப்பை உறிஞ்சி எடுக்கிறாங்களாம், கேட்டதும் அப்பா அசந்துட்டார்.

எனக்குப் பிடிச்சது ஐந்து ரதத்துல இருக்கிற திரௌபதி ரதம்தான். சின்னதா இருக்கேன்னு யாரும் நிக்கிறதில்ல. அது கூரைக் குடிசைடி, அப்படியே குடிசை! ஓலைக் கூரை வளைஞ்சு இறங்குற மாதிரி ஒரே கல்லுல மேலிருந்து கீழ செதுக்கிட்டு வந்திருக்கான். உள்ள கொற்றவை நிக்கிறா, அவ காலடியில ஒருத்தன் தன் தலையைத் தானே அறுத்துக் கொடுக்கத் தயாரா உக்காந்திருக்கான், அதைப் பாத்துட்டு கொஞ்ச நேரம் பேச்சே வரல.

அந்தக் கூரையை மனசுல வச்சுக்கிட்டே முட்டுக்காடு தக்ஷிணசித்ராவுக்கு வா. 1996ல திறந்தது, நாலு மாநிலத்துப் பழைய வீடுங்களைப் பிரிச்சு கொண்டாந்து அங்க மறுபடி நிறுத்தியிருக்காங்க. செட்டிநாட்டு வீட்டுத் தூண்கிட்ட எல்லாரும் செல்ஃபி எடுத்துட்டு இருந்தாங்க. நான் ஆந்திராக் கடலோரத்து வட்ட வீட்டுல போய் நின்னேன், மண் சுவரு, கூரை கிட்டத்தட்ட தரை வரைக்கும் இறங்குது, புயல் காத்து முட்டாம சுத்திப் போயிடும்னு அப்படி வட்டமா கட்டுவாங்களாம். காலைல கல்லுல பாத்த கூரையை இங்க நிஜ ஓலையா பாக்கறேன், கை வச்சுப் பாத்தேன், அப்பாதான் "தொடக்கூடாதோ என்னவோ"ன்னு பயந்தார். நீ கட்டடம் படிச்ச பொண்ணு, உனக்கு இது ரெண்டையும் ஒரே நாள்ல காட்டணும்னுதான் இவ்ளோ எழுதறேன்.

சாயங்காலம் ஈஞ்சம்பாக்கத்துல சோழமண்டலம், ஓவியர்கள் சேர்ந்து உருவாக்கின கிராமம். 1966ல கே.சி.எஸ். பணிக்கர் ஓவியக் கல்லூரி பிரின்சிபாலா இருக்கும்போதே பசங்களைச் சேத்து ஆரம்பிச்சது, மெழுகு பூசிச் சாயம் ஏத்துற பத்திக் துணி போட்டு வித்து அந்தக் காசுல நிலம் வாங்கினாங்களாம், யார் கையையும் எதிர்பாக்காம. மியூசியத்துல பணிக்கரோட படங்கள் கட்டம் கட்டமா, படிக்க முடியாத எழுத்தா இருக்கு, உங்கப்பா ரொம்ப சீரியஸா "இது யாரோட ஜாதகம்?"னு கேட்டுட்டார், பக்கத்துல நின்ன பொண்ணு சிரிச்சிடுச்சு. ஆனா அவர் கேட்டதுல தப்பில்ல, பணிக்கர் ஜாதகக் கட்டம் மாதிரி விஷயங்கள்ல இருந்துதான் அந்த வரிசையையே ஆரம்பிச்சார்.

சரி, டிக்கெட் போடுறப்ப எனக்கு ஒரு வார்த்தை சொல்லு. செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், தக்ஷிணசித்ரா லீவு. ஷூவும் வேண்டாம், கழட்டி மாட்டியே பாதி நாள் போயிடும்.

அம்மா